பறவை நாய் வளர்ப்பில் சுத்த லைனா, வெளி இரத்தமா? கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெஹிவளையில், கடல் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் எங்கள் வீடு. லாப்ரடோர் வளர்க்கிறேன். இதுவரை இரண்டு தடவைதான் குட்டி எடுத்திருக்கிறேன், ஆகவே என்னைக் கெனல்காரன் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒன்டாரியோவில் இருக்கும் அத்தான் இங்கிலிஷ் செட்டர் வைத்து வருடக்கணக்காகப் பறவை வேட்டைக்குப் போகிறவர். அவரோடு கதைத்தும் கூடப் போய் நின்று பார்த்தும் கற்றது கொஞ்சம், என் கையைச் சுட்டுக் கற்றது கொஞ்சம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நாய் வைத்திருக்கும் தெரிந்தவர்கள் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகளைக் கேட்பதால் ஒரேயடியாக எழுதி வைக்கிறேன்.

பறவை நாய் என்றால் எது? லாப்ரடோர் அதில் சேருமா?

துப்பாக்கியோடு போகிறவருக்குப் பறவையைக் கண்டுபிடித்துக் காட்ட, கிளப்பிவிட, விழுந்ததை எடுத்துவர என்று உருவாக்கப்பட்ட நாய்கள் இவை. பாயிண்டரும் செட்டரும் மணம் பிடித்த இடத்தில் அசையாமல் நின்று காட்டும். ஸ்பானியல் பற்றைக்குள் புகுந்து கிளப்பும். ரிட்ரீவர் எடுத்து வரும். அமெரிக்காவில் 'பறவை நாய்' என்றால் பெரும்பாலும் நின்று காட்டும் வகையைத்தான் சொல்வார்கள். நான் கொஞ்சம் அகலமாகவே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் கொழும்பில் பாயிண்டரையும் செட்டரையும் காண்பது அரிது. லாப்ரடோரும் கோல்டன் ரிட்ரீவரும் கொக்கர் ஸ்பானியலும் இல்லாத ஒழுங்கையைக் காண்பது அதைவிட அரிது.

நம் நாட்டில் இவற்றை வேட்டைக்குப் பழக்கலாமா?

வேண்டாம். வெள்ளைக்காரர் காலத்தில் வயல்வெளிகளில் உள்ளான் சுடுவது பெரிய பொழுதுபோக்கு. 1937இல் வந்த வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் பிந்திய திருத்தங்களும் அந்தக் காலத்தை மூடிவிட்டன. கௌதாரி, காடை, காட்டுக்கோழி எதன் மீதும் நாயை ஏவ வேண்டாம். பந்தும் துணிப்பொம்மையும் போதும், நாய்க்கு வித்தியாசம் தெரியாது. என் பெட்டை மீனுவுக்குப் பொச்சுமட்டைதான் வாத்து. கடற்கரையில் எறிந்தால் அலைக்குள் பாய்ந்து பல் பதியாமல் கவ்விக்கொண்டு வந்து காலடியில் வைக்கும்.

'சுத்த லைன்' என்று சொல்கிறார்களே, அது சரியாக என்ன?

இங்கேதான் பாதிக் குழப்பம். நாலு சொல்லைப் பிரித்துக்கொண்டால் மீதி இலகு.

தாய்க்கு மகன், தகப்பனுக்கு மகள், கூடப்பிறந்தவை என்று மிக நெருங்கிய உறவில் இணை சேர்ப்பது இன்பிரீடிங். அதே வேலையைக் கொஞ்சம் தள்ளி நின்று, பேரன் பேத்தி, ஒன்றுவிட்ட உறவு என்று, ஒரு குறிப்பிட்ட நல்ல மூதாதையின் பெயர் பேப்பரில், அதாவது நாயின் பரம்பரைப் பட்டியலில், பல இடத்தில் வரும்படி செய்வது லைன்பிரீடிங். அதே இனத்துக்குள்ளேயே உறவில்லாத குடும்பத்திலிருந்து நாய் எடுப்பது அவுட்க்ரொஸ். வேறு இனத்தையே கலப்பது கலப்பு, அதாவது நாம் வழக்கமாக 'க்ரொஸ்' என்கிறது. முதல் இரண்டும் 'சுத்த லைன்' பக்கம், கடைசி இரண்டும் 'வெளி இரத்தம்'. கொழும்பில் இணை சேர்ப்பதற்கே 'க்ரொஸ் போடுறது' என்று சொல்வதால், "அவுட்க்ரொஸ் செய்யப்போகிறேன்" என்று நான் சொன்னபோது ஒருவர் நான் லாப்ரடோரை ரொட்வைலரோடு சேர்க்கப்போவதாக நினைத்துப் பதறினார்.

இன்னொன்று. நாம் 'சாதி நாய்' என்கிறோம். அந்தச் சொல் வாயில் வந்தவுடனே சுத்தம், கலப்பு, உயர்வு, தாழ்வு என்று நாய்க்குச் சம்பந்தமில்லாத பழைய சூடெல்லாம் கூட வந்துவிடுகிறது. இந்தப் பக்கத்தில் நான் 'இனம்' என்றே எழுதுகிறேன்.

நெருங்கிய உறவில் சேர்த்தால் உண்மையில் என்ன நடக்கிறது?

ஒவ்வொரு மரபணுவும் நாயிடம் இரண்டு பிரதியாக இருக்கிறது, தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. இரண்டுமே ஒரே மூதாதையிடமிருந்து வந்து சேர எவ்வளவு வாய்ப்பு என்பதை ஒரு வீதமாகச் சொல்லலாம், அதுதான் உட்கலப்பு வீதம். கூடப்பிறந்த இரண்டையோ தகப்பனையும் மகளையுமோ சேர்த்தால் குட்டிக்கு 25 வீதம். தகப்பன் ஒன்று, தாய் வேறு என்ற இரண்டைச் சேர்த்தால் 12.5. தாய்மாமனுக்கும் மருமகளுக்கும் அதே 12.5. மச்சான் மச்சாள் முறை என்றால் 6.25. நம் ஆட்களுக்கு இந்தக் கணக்கை விளக்குவது இலகு, சொந்தத்துக்குள் கலியாணம் செய்த குடும்பம் இல்லாதவர் யார்? ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. நாம் ஒரு தலைமுறை சொந்தத்துக்குள் எடுத்தாலும் அடுத்தது வெளியே போகும். நாய் வளர்ப்பில் ஐம்பது வருடத்துக்குள் இருபது தலைமுறை ஓடிவிடும், அத்தனையும் ஒரே வட்டத்துக்குள்.

இதில் நல்லதும் இருக்கிறது. இரண்டு பிரதியும் ஒன்றாக இருந்தால் அந்தக் குணம் பிசகாமல் அடுத்த குட்டிக்கும் போகும். 'தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை' என்பது லைன்பிரீடிங் செய்த நாயில்தான் அச்சொட்டாக நடக்கும். தலை வடிவம், வால் பிடிக்கும் விதம், ஓடும் தூரம் எல்லாம் ஒரே அச்சு.

கெட்டது, ஒளிந்திருந்ததும் அதே வழியால் வெளியே வரும். ஒரு பிரதி பழுது, ஒரு பிரதி நல்லது என்றால் பல நோய்களில் நாய் சுகமாகவே இருக்கும். இரண்டும் பழுதானால்தான் பிடிக்கும். அது போக, எந்த ஒரு நோய் என்று பெயர் சொல்ல முடியாத ஒரு தேய்வும் உண்டு: பெட்டை சினைப்படச் சுணங்கும், ஒரு ஈற்றில் குட்டி குறையும், பிறந்ததில் சில தங்காது. அமெரிக்காவில் கோல்டன் ரிட்ரீவர்களை ஆயுள் முழுக்கப் பின்தொடரும் ஒரு பெரிய ஆய்வு இருக்கிறது. அந்த நாய்களின் மரபணுவைப் பார்த்து 2019இல் வெளியிட்டார்கள்: தாயின் உட்கலப்பு வீதம் 10 கூடினால் ஒரு ஈற்றில் சராசரியாக ஒரு குட்டி குறைகிறது. பிரிட்டனின் கெனல் கிளப் 2009இலிருந்து தாய்க்கு மகன், தகப்பனுக்கு மகள், கூடப்பிறந்தவை என்ற மூன்று சேர்க்கையில் பிறந்த குட்டிகளைப் பதிவதில்லை.

அப்படியானால் அந்தக் காலத்துப் பெரிய ஆட்கள் ஏன் உறவுக்குள்ளேயே சேர்த்தார்கள்? அவர்களுடைய நாய்கள் உலகப் புகழ் பெற்றனவே?

பெற்றன. அந்தக் கதையைக் கிட்டப் போய்ப் பார்த்தால் வேறு மாதிரி.

எட்வர்ட் லாவராக் என்ற ஆங்கிலேயர் 1825இல் பொண்டோ, ஓல்ட் மோல் என்ற இரண்டு செட்டர் நாய்களை ஒரு பாதிரியாரிடமிருந்து எடுத்தார். ஐம்பது வருடம் வெளி இரத்தம் ஒரு சொட்டும் சேர்க்காமல் அந்த இரண்டிலிருந்தே தன் லைனை வளர்த்ததாகச் சொன்னார். அவர் வெளியிட்ட பரம்பரைப் பட்டியல்களும் போய் முடிவது அந்த இரண்டு பெயரில்தான். இன்றைய இங்கிலிஷ் செட்டருக்கு அடித்தளம் அது. ஆனால் ஒரு ஈற்றில் எதிர்பாராத நிறத்தில் குட்டி வந்தபோது, முன்பு வேறொரு செட்டர் குடும்பத்தை உள்ளே விட்டதை அவருடைய கடிதமே காட்டிக்கொடுத்தது. பேப்பரில் மூடின கதவு, பின்பக்கத்தால் திறந்திருக்கிறது.

அவருக்குப் பின் பர்செல் லெவெலின். இவர் லாவராக்கின் நாய்களையே வாங்கி, டியூக், ரீப் என்ற வேட்டை நாய்களின் இரத்தத்தோடு கலந்தார். வடிவு ஒரு பக்கத்திலிருந்து, ஓட்டமும் மூக்கும் மறுபக்கத்திலிருந்து. 1870களில் அவை அமெரிக்காவுக்குப் போய் அங்கே களப் போட்டிகளை வாரி எடுத்தன. அந்தச் சந்ததியை 'லெவெலின் செட்டர்' என்று அமெரிக்காவின் பறவை நாய்ப் பதிவேடு இன்றுவரை தனியாகக் காக்கிறது. அத்தானின் நாயும் லெவெலின்தான், "சுத்தமான லைன்" என்று அவர் நெஞ்சை நிமிர்த்துவார். "அத்தான், அந்தச் சுத்தம் தொடங்கினதே கலப்பில்தானே?" என்று நான் ஒருநாள் கேட்டேன். "தெரியும், ஆனால் யாரோடு கலந்தார் என்று எழுதி வைத்தார், பிறகு கதவைச் சாத்தினார்" என்றார். அந்தப் பதிலை நான் மறக்கவில்லை.

மூன்றாவது ஆள் அமெரிக்கரான ராபர்ட் வேலே. பாயிண்டர் வளர்த்தவர். தன் பெயரின் எழுத்துகளைத் திருப்பிப் போட்டு 'எல்ஹியூ' என்று கெனலுக்குப் பெயர் வைத்தார். 1936இலிருந்து 2002இல் இறக்கும்வரை அதே வேலை, பெரும்பகுதி லைன்பிரீடிங். அது அவருக்குச் சரிவந்ததற்குக் காரணம் இரத்தத்தின் மந்திரம் என்று நான் நம்பவில்லை. கையில் நிறைய நாய், நிறைய இடம், வேட்டைக்களத்தில் ஒவ்வொன்றையும் ஓடவிட்டுப் பார்த்து, சரிவராததை அடுத்த சந்ததிக்கு எடுக்காமல் விடும் கண்டிப்பு. ஒரு பெட்டையை வைத்துக்கொண்டு, பிறந்த ஏழு குட்டியையும் விற்றுவிட்டு, எது எப்படி வளர்ந்தது என்று திரும்பியும் பார்க்காத நாம் அவரைப் பார்த்து லைன்பிரீடிங் செய்கிறோம் என்றால், அவர் செய்ததில் பாதியைத்தான் செய்கிறோம், அதுவும் பிழையான பாதியை.

வெளி இரத்தம் ஒரு இனத்தைத் தூக்கி நிறுத்தியதற்கு உதாரணம் இருக்கிறதா?

இருக்கிறது. எனக்குப் பிடித்தது ஐரிஷ் செட்டரின் கதை. சிவப்பு நிறமும் பட்டு மயிரும் பார்க்க அவ்வளவு வடிவு, அந்த வடிவே வினையாகிவிட்டது. கண்காட்சி மேடைக்காகவே தெரிந்தெடுத்து வளர்த்ததில் அமெரிக்காவில் இருபதாம் நூற்றாண்டின் நடுவே களத்தில் வேலை செய்யும் ஐரிஷ் செட்டர் அருகிப்போய்விட்டது. பென்சில்வேனியாவைச் சேர்ந்த நெட் லெகிராண்ட் என்பவர் மிச்சமிருந்த வேலைநாய்களைத் தேடி வாங்கினார். அவையும் போதவில்லை. பறவை நாய்ப் பதிவேட்டின் சம்மதத்தோடு இங்கிலிஷ் செட்டரின் இரத்தம் சேர்க்கப்பட்டது, பிறகு தலைமுறை தலைமுறையாகச் சிவப்புக்கே திருப்பிச் சேர்த்தார்கள். இன்று களத்தில் ஓடுகிற 'ரெட் செட்டர்' அதிலிருந்து வந்தது. மேடைப் பக்கத்துச் சங்கம் கொதித்தது. 1975இல் அந்தச் சந்ததிகளைத் தங்கள் பதிவேட்டில் ஏற்க வேண்டாம் என்று அமெரிக்கன் கெனல் கிளப்பைக் கேட்டுக் கதவை மூடவைத்தது. ஒரே பாட்டன் பாட்டியிலிருந்து வந்த இரண்டு நாய்கள், இரண்டு பதிவேடு.

இன்னொன்று, வேட்டை நாய் அல்லாத ஒன்றுக்குப் பாயிண்டர் கைகொடுத்த கதை. டால்மேஷன் எல்லாவற்றுக்கும் யூரிக் அமிலத்தைக் கையாளும் ஒரு மரபணு இரண்டு பிரதியும் பழுது, அதனால் சிறுநீர்க் கல். கவனியுங்கள், 'எல்லாவற்றுக்கும்'. இனத்துக்குள்ளேயே எவ்வளவு தூரத்து உறவைத் தேடினாலும் நல்ல பிரதி கிடைக்காது, ஏனென்றால் அது அங்கே இல்லவே இல்லை. 1973இல் ராபர்ட் ஷைபிள் என்ற மரபியலாளர் ஒரு டால்மேஷனை ஒரேயொரு பாயிண்டரோடு சேர்த்தார். அதன் பிறகு ஒவ்வொரு தலைமுறையும் திரும்ப டால்மேஷனோடுதான். பாயிண்டர் பங்கு 50, 25, 12.5, 6.25 என்று பாதி பாதியாய்க் குறைந்து காணாமலே போய்விட்டது, அந்த நல்ல மரபணுவை மட்டும் ஒவ்வொரு தடவையும் சோதித்துப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். 1981இல் இரண்டு நாய்களைப் பதிந்த அமெரிக்கன் கெனல் கிளப், எதிர்ப்பு வந்தவுடன் நிறுத்தியது. மறுபடி ஏற்றது 2011இல். முப்பது வருடம்! கல்லடைத்த நாய்க்கு யார் பதில் சொன்னார்கள்?

நோர்வேயின் லுண்டஹுண்ட் கடைசி எச்சரிக்கை. பாறை இடுக்கில் ஏறிப் பபின் என்ற கடற்பறவையைப் பிடிக்கும் ஆறுவிரல் நாய். தொற்றுநோயில் அழிந்து, மிஞ்சிய 6 நாய்களிலிருந்து இன்று உலகில் உள்ள அத்தனையும் வந்தன. குடல் நோய் இனம் முழுக்க இருக்கிறது. இப்போது வேறு நோர்டிக் இனங்களோடு கலந்து பார்க்கிறார்கள்.

அப்படியென்றால் பேசாமல் க்ரொஸ் நாயே வாங்கலாம், ஆரோக்கியம்தானே?

இந்த எண்ணமும் மூடநம்பிக்கைதான், மறுபக்கத்து மூடநம்பிக்கை. லாப்ரடோருக்கும் கோல்டனுக்கும் இரண்டுக்குமே இடுப்பு மூட்டுப் பிரச்சினை உண்டு. இரண்டு கெட்ட இடுப்பைச் சேர்த்தால் நல்ல இடுப்பு வராது. கலப்பு உதவுவது, இரண்டு பக்கமும் ஒளித்து வைத்திருக்கும் பழுது வேறுவேறாக இருக்கும்போது.

வேலை நாயில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. பாயிண்டரையும் செட்டரையும் சேர்த்துப் பிறப்பதை ஆங்கிலேயர் 'ட்ரொப்பர்' என்பார்கள். முதல் தலைமுறை பலநேரம் அருமையாக வேலை செய்யும். அதைப் பார்த்து மயங்கி இரண்டு ட்ரொப்பரைச் சேர்த்தால் அடுத்த ஈற்றில் ஒன்று பாட்டனைப் போல், ஒன்று பாட்டியைப் போல், ஒன்று யாரைப் போலவும் இல்லை. முதல் தலைமுறையில் குட்டி எல்லாம் ஏறக்குறைய ஒரே சீட்டுக்கட்டு, இரண்டாம் தலைமுறையில்தான் சீட்டைக் குலுக்குகிறோம். குலுக்கியதில் நல்லதை எடுத்து மற்றதை விடும் பொறுமை இல்லாதவர் அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

நின்று காட்டுவது இரத்தத்தில் வருவதா, பழக்கத்தில் வருவதா?

நானும் பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். அத்தான் வீட்டில் கண்டது இது. பத்துக் கிழமைக் குட்டி, பொக்குப் பொக்கென்று விழுந்தெழுந்து நடக்கிற வயது. அத்தான் ஒரு பழைய தூண்டில் கம்பின் நூலில் ஒரு பறவைச் சிறகைக் கட்டிப் புல்லில் போட்டார். குட்டி பாய்ந்து துரத்தியது, அவர் சுண்டி இழுத்துக்கொண்டார். மூன்று தடவை. நாலாம் தடவை குட்டி பாயவில்லை. உடம்பு முழுக்க இறுகிவிட்டது. இடது முன்னங்கால் தரையிலிருந்து இரண்டு விரல்கடை உயர்ந்து அப்படியே நின்றது, வால் நீட்டி விறைத்தது, மூக்கு நுனி மட்டும் துடித்தது. ஒரு ஈ வந்து காதில் இருந்தும் அசையவில்லை. யாரும் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் மூச்சு விடவும் பயந்து நின்றேன்.

"இது கண்ணால் பார்த்து நிற்கிறது, இது போதாது" என்றார் அத்தான். மணத்தை மட்டும் நம்பி, காற்றின் எதிரே தலை தூக்கிப் பிடித்து, பறவை பறந்தாலும் வெடி கேட்டாலும் நிற்பதற்கு இரண்டு மூன்று பருவம் பழக வேண்டும். ஆனால் அந்த விறைப்பு இரத்தத்தில் வரவேண்டும், வராத நாய்க்குப் பழக்கித் தர முடியாது. வெளி இரத்தம் சேர்க்கும்போது வேட்டைக்காரர் பயப்படுவது இதை இழந்துவிடுவோமோ என்றுதான். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது.

உங்களுடைய பெட்டைக்கு நீங்கள் என்ன செய்தீர்கள்? உண்மையைச் சொல்லுங்கள்.

சொல்கிறேன். முதல் ஈற்றில் பிழை விட்டேன்.

மீனுவின் தகப்பன் மேடையில் பட்டம் வாங்கிய நாய். அதே தகப்பனுக்கு வேறொரு தாயில் பிறந்த கடுவன் ஒன்று நகருக்குள்ளேயே இருந்தது. "இரண்டு பக்கமும் சாம்பியன் இரத்தம், குட்டிக்கு நல்ல விலை" என்று கடுவன்காரர் சொன்னார். எனக்கும் அது இனித்தது. தகப்பன் ஒன்று, தாய் இரண்டு, அதாவது 12.5 வீதம், ஆனால் அன்றைக்கு எனக்கு அந்தக் கணக்குத் தெரியாது. ஆறு பிறந்து ஐந்து தங்கின. ஐந்தும் அச்சில் வார்த்ததுபோல் ஒரே வடிவு. அவ்வளவு பெருமைப்பட்டேன்.

ஒரு வருடம் கழித்துக் கல்கிசையிலிருந்து ஒரு தம்பி போன் எடுத்தார். "அண்ணை, பீச்சில பந்து எறிஞ்சு விளையாடிக்கொண்டிருக்க நாய் பின்னங்கால் இழுபட்டு விழுந்திட்டுது." ஓடிப் போனேன். மணலில் படுத்திருந்தது, கண் திறந்திருந்தது, முன்னங்காலால் ஊன்ற முயன்றது, பின்பாதி வரவில்லை. அரை மணி நேரத்தில் ஒன்றும் நடக்காதது போல் எழுந்து வாலாட்டியது. வெக்கை அடித்திருக்கும் என்று மிருக வைத்தியர் சொன்னார். கொழும்பு வெயிலில் யாரும் அப்படித்தான் சொல்வார்கள், நானும் அதையே நினைத்தேன். ஆனால் குளிர்ந்த காலையிலும் அது திரும்ப நடந்தது. மெல்பேர்னில் இருக்கும் அந்தத் தம்பியின் அக்கா, கன்னத்து எச்சில் மாதிரியை அங்கே கொடுத்துச் சோதித்தார். லாப்ரடோர்களில் வருகிற, கடும் ஓட்டத்தில் தசை சோர்ந்து விழும் மரபணு நோய். இரண்டு பிரதியும் பழுது. நாய் சும்மா நடக்கும், கட்டிலில் ஏறிப் படுக்கும், எல்லாம் செய்யும். பந்தின் பின்னால் பத்து நிமிடம் வெறிகொண்டு ஓட மட்டும் முடியாது. லாப்ரடோருக்கு அதுதானே வாழ்க்கை.

கணக்கைப் பிறகு போட்டுப் பார்த்தேன். பொதுத் தகப்பனிடம் ஒரு பழுதுப் பிரதி இருந்தால் மகளுக்கு அது போக இரண்டில் ஒரு வாய்ப்பு, மகனுக்கு இரண்டில் ஒன்று, இருவரும் ஒரே குட்டிக்குக் கொடுக்க நாலில் ஒன்று. பெருக்கினால் பதினாறில் ஒன்று. சின்னதாகத் தெரியும். ஆனால் அது ஒரு குட்டிக்கு, ஒரு நோய்க்கு மட்டும். தகப்பனிடம் ஒளிந்திருப்பது ஒரு பழுதுதான் என்று யார் சொன்னது?

இரண்டாவது ஈற்றுக்கு மீனுவைச் சோதித்தேன், ஒரு பிரதி பழுது. நீர்கொழும்புப் பக்கம், பேப்பரில் ஐந்து தலைமுறையிலும் எங்களோடு ஒரு பெயரும் ஒத்துப்போகாத, சோதனையில் சுத்தமான, ஆறு வயதுக் கடுவன் ஒன்றை எடுத்தேன். ஒன்பது குட்டி, ஒன்பதும் தங்கின. ஆனால் அச்சில் வார்த்ததுபோல் இல்லை. ஒன்று கால் நீண்டது, இரண்டு தலை அகலம், ஒன்றுக்குத் தண்ணீரைக் கண்டால் பயம் (லாப்ரடோருக்கு!). மேடைக்குப் பார்க்க வந்தவர் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். அவுட்க்ரொஸின் விலை அது, கொடுக்கத்தான் வேண்டும்.

மரபணுச் சோதனை எல்லாம் செய்துவிட்டால் உறவுக்குள் சேர்க்கலாம்தானே?

சோதனை பெரிய வரம். ஐரிஷ் செட்டருக்குப் பார்வை மங்கிக் குருடாகும் பரம்பரை நோய் இருந்தது. முன்பெல்லாம் ஒரு நாயைச் சந்தேகித்தால் குருடான இன்னொன்றோடு சேர்த்து, பிறக்கும் குட்டிகளில் குருடு வருகிறதா என்று காத்திருந்து பார்த்தார்கள். நினைத்துப் பாருங்கள், குட்டியைச் சோதனைக் குழாயாக வைத்த காலம். 1990களில் அந்த மரபணுவைக் கண்டுபிடித்த பிறகு கொஞ்சம் இரத்தம் போதும் என்றாகிவிட்டது.

ஆனால் சோதனை சொல்வது கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். இடுப்பு மூட்டு பல மரபணுவும் சாப்பாடும் நிறையும் சேர்ந்து வருவது, அதற்கு எக்ஸ்ரேதான். சினைப்பிடிப்பு, நோயெதிர்ப்பு போன்றவற்றுக்கு ஒரு மரபணுவைக் காட்டிச் சொல்ல முடியாது.

மறுபக்கத்திலும் ஒரு பிழை நடக்கிறது. ஒரு பிரதி பழுது என்று வந்தவுடன் அந்த நாயையே ஒதுக்கிவிடுகிறார்கள். தேவையில்லை. சுத்தமான ஒன்றோடு சேர்த்தால் ஒரு குட்டிக்கும் நோய் வராது. குட்டிகளைச் சோதித்து நல்ல பிரதி இரண்டும் உள்ளதை அடுத்த தலைமுறைக்கு எடுக்கலாம். ஒரு பிரதிக்காக நல்ல நாய்களை எல்லாம் வீசினால் மிஞ்சுவது இன்னும் சிறிய வட்டம்.

கொழும்பில் என் பெட்டைக்குக் கடுவன் தேடுகிறேன். என்ன பார்க்க வேண்டும்?

நம்முடைய சிக்கல் தீவுச் சிக்கல். எப்போதோ வெளிநாட்டிலிருந்து வந்த சில நாய்களின் பிள்ளை, பேரன்களையே சுற்றிச் சுற்றிச் சேர்க்கிறோம். ஒன்று மேடையில் பட்டம் வாங்கினால் எல்லோரும் அதனிடமே ஓடுகிறோம். பத்து வருடத்தில் உறவில்லாத கடுவனைத் தேட விளக்குப் பிடிக்க வேண்டும். ஆகவே 'எங்கள் கெனல் வேறு, அவர்கள் கெனல் வேறு' என்பதை நம்ப வேண்டாம். இரண்டு பேப்பரையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஐந்து தலைமுறையில் 62 பெயர் இருக்கும், ஒரு பென்சிலால் இரண்டிலும் வரும் பெயருக்குக் கோடு போடுங்கள். பாட்டன் பாட்டி வரிசையில் ஒரே பெயர் விழுந்தால் விட்டுவிடுங்கள். கடைசி வரிசையில் ஒன்றிரண்டு விழுந்தால் பெரிதாக யோசிக்க வேண்டாம்.

அந்தக் கடுவனை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள், அதன் கூடப்பிறந்தவற்றைத் தேடிப் பாருங்கள். நாலைந்து வயது தாண்டிய கடுவன் நல்லது, வயதில் வெளியே வரும் நோய்கள் அதற்குள் தலைகாட்டியிருக்கும். முந்திய ஈற்றில் எத்தனை பிறந்து எத்தனை தங்கின, பாட்டன் எந்த வயதில் எதனால் செத்தது என்று கேளுங்கள். பதில் சொல்லக் கோபப்படுகிறவரிடமிருந்து மெதுவாகக் கழன்றுகொள்ளலாம்.

என் கட்சி இது: உறவில் தூரம், குணத்தில் கிட்ட. உறவில்லாத கடுவனைத் தேடும்போது வடிவத்திலும் சுபாவத்திலும் உங்கள் பெட்டையைப் போலவே உள்ளதைத் தேடுங்கள். அச்சும் பெரிதாகச் சிதறாது, இரத்தமும் புதிது. எனக்கு இது முதல் தடவையே தெரிந்திருந்தால் அந்தக் கல்கிசை நாய் இன்றைக்கும் பந்து துரத்திக்கொண்டிருக்கும்.

வெளிநாட்டிலிருந்து நாய் கொண்டுவர நினைக்கிறவர் முதலில் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் இறக்குமதி அனுமதியை எடுக்க வேண்டும். செலவு பெரிது. மூன்று நாலு வீட்டார் சேர்ந்து ஒன்றைக் கொண்டுவந்தால் தாங்கலாம், ஆனால் நாலு வீட்டிலும் அதே கடுவனைப் பாவித்தால் அடுத்த தலைமுறையில் பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

பேப்பர் இல்லாத லாப்ரடோரைச் சேர்க்கலாமா?

பேப்பர் இல்லாததால் நாய் கெட்டதில்லை, உறவு தெரியாது என்பதுதான் குறை. உங்கள் பெட்டையின் தம்பியாகவே இருக்கலாம். மரபணு மாதிரி கொடுத்து இரண்டையும் ஒப்பிட்டால் தெரியும்.

ஊர் நாய்க்கும் லாப்ரடோருக்கும் பிறந்த குட்டிகள் மதிலுக்குள் வந்துவிட்டன. என்ன செய்ய?

வளர்த்துக் கொடுங்கள். நம் தெருநாய் தலைமுறை தலைமுறையாக உண்ணிக் காய்ச்சலுக்கும் வெக்கைக்கும் தப்பி வந்தது, அதன் குட்டி அனேகமாகக் கெட்டி. பொச்சுமட்டை எடுத்து வருமா என்பது அதிர்ஷ்டம். விசர்நாய்த் தடுப்பூசியைப் போடுங்கள், வயது வந்ததும் கருத்தடை செய்யுங்கள், மதிலின் ஓட்டையை அடையுங்கள்.

இப்போது உங்களிடம் குட்டி இருக்கிறதா?

இல்லை. மீனுவுக்குப் பத்து வயது, முற்றத்து ஈரச் சீமெந்தில் படுத்துக் காகத்தை ஒரு கண்ணால் பார்ப்பதுதான் இப்போது அதன் வேட்டை. நீட்டுக்கால் மகள் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதைச் சோதித்தாயிற்று, இடுப்பு எக்ஸ்ரே மட்டும் மிச்சம். அது சரியாக வந்தால் அடுத்த வருடம் யோசிப்போம். கண்டியில் ஒரு கடுவன் இருக்கிறது என்று கேள்வி, அதன் பேப்பரைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பென்சில் சீவி வைத்திருக்கிறேன்.